எட்டு டிராக்கும் காலி

உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஒரு மதியம் அவர் கழுத்தில் ஹெட்போனோடு வந்தார். ராயப்பன்பட்டி மாதா கோயிலுக்குப் பாட்டு ரெக்கார்டிங் செய்கிறவர். பேசும்போதுகூட அவர் விரல்கள் மேசையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன.

இடி விழுந்து வீட்டுக் கம்ப்யூட்டர் போய்விட்டதாம். "நெட்டுல ஏத்தி வச்சா எங்கயும் போகாதுன்னு சொன்னாக தம்பி. ஏத்தியிருக்கேன், எறக்கிக் குடுங்க."

இறக்கித் திறந்தேன். எட்டு டிராக்கும் காலி. அவர் ஏற்றியிருந்தது ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும். எந்தக் குரல் எங்கே வரும் என்ற குறிப்புதான் அதில் இருக்கும். குரல்கள் இருந்த ஃபோல்டரை, பெரிதாக இருக்கிறதென்று விட்டுவிட்டார். இத்தனை வருசமாக இதே வேலை பார்க்கிறவருக்கு இதுகூடத் தெரியாதா என்று எனக்கு எரிச்சல்.

"முடிச்ச பாட்டுதான் எல்லார் போன்லயும் இருக்கேண்ணே?"

"அதுல எம்பொண்டாட்டி பாடுறது இருக்கு தம்பி. நடுநடுவுல பேசுனத நாந்தான் வெட்டிட்டேன். அவ போயி நாலு மாசமாச்சு."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிடச் சொன்னார். காலி டிராக்குகளின் மேல் கோடு மட்டும் நகர்ந்தது. ஓரிடத்தில் அவர் விரல்களின் தாளம் நின்றது.

"இங்கனதான், 'தப்பாப் பாடிட்டேன், இன்னொருக்கா பாடவா'ன்னு கேப்பா."

கடைசிவரை கேட்டார். எழுந்திருக்கும்போது, "இதையும் இன்னொரு எடத்துல பத்திரமா ஏத்தி வச்சிருங்க" என்றார்.

ஏற்றினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.