அக்னி மூலையை இழுத்துப் போன மலர்க்கொடி

மன்னார்புரத்தில் ஒரு ஹீரோ வந்து இறங்கியிருக்கிறார் என்று முதலில் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. காலி மனையில் வெள்ளை கேரவன் நிற்கிறது, உள்ளே ஏசி ஓடுகிறது, ஷூட்டிங் இன்னும் தொடங்கவில்லை. அவ்வளவுதான் செய்தி. டீக்கடைக்கு வருவதற்குள் ஹீரோவோடு ஹீரோயினும் சேர்ந்துகொண்டார். காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது அது சாமி படமாகிவிட்டது. ஹீரோ ஒரு மண்டலமாகக் கறி தொடவில்லை என்பதும் உறுதியாகிவிட்டது.

நேரில் போய்ப் பார்த்ததில் கேரவன் உண்மை. ஏசி பொய், சுவரில் மாட்டிய சின்ன ஃபேன்தான் ஏசி போலச் சத்தம் போட்டது. ஹீரோ இருக்க வேண்டிய இடத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மலர்க்கொடி கியாஸ் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்த கூட்டத்திடம், செல்ஃபி எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம், செருப்பை மட்டும் வெளியே விட வேண்டும் என்றார். இரண்டு பேர் எடுத்தும் கொண்டார்கள்.

மலர்க்கொடி தொட்டியத்துக்காரர். வாழை வெட்டும் பருவத்தில் அப்பாவின் டிராக்டரை டிரெய்லரோடு ஓட்டிப் பழகியவர். கல்யாணமாகி மன்னார்புரம் வந்தபின் பல வருடம் ஸ்கூல் வேன் ஓட்டினார். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். வேனை விற்றுவிட்டுப் பழைய டபுள் கேபின் பிக்கப் ஒன்றை அவர் வாங்கி வந்தபோது, வாழைத்தார் ஏற்றத்தான் என்று தெருவே முடிவு செய்தது. துவாக்குடியில் தண்ணீர் டேங்கர் கட்டித் தரும் இருதயநாதனின் பட்டறையில் பிக்கப்பில் மாட்டி இழுக்க ஒரு வீட்டையே சக்கரம் வைத்துக் கட்டச் சொல்லியிருக்கிறார் என்பது கணவர் பூவரசனைத் தவிர யாருக்கும் தெரியாது.

வீடு அக்காவுக்காக. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அழகம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்து தகடு வைத்த பிறகு பஸ் படி ஏற முடியாது. போகிற இடத்தில் குத்துக்காலிட்டு உட்காரவும் முடியாது. இதை ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வெட்கப்பட்டு, எங்கேயும் போவதையே நிறுத்திவிட்டார். கல்யாணங்களைப் போனில் பார்த்து, மொய்யையும் போனிலேயே அனுப்பினார். பச்சைமலையைப் பார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னார். சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டுக்கொண்ட மலர்க்கொடி மறக்கவில்லை.

ஆகவே வண்டியில் தாழ்வான படி, கைப்பிடி வைத்த வெஸ்டர்ன் டாய்லெட், கட்டில், சமையலறை எல்லாம் வந்தன. கூடவே பூவரசனின் நிபந்தனை ஒன்றும் வந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அவர், சக்கரம் இருந்தாலும் வீடு வீடுதான் என்றார். சமையலறை அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில்தான் இருக்க வேண்டும். மனையில் வண்டியின் மூக்கு மேற்கே பார்த்து நிற்கும். எனவே வாலின் இடது மூலை. அடுப்பு, சிலிண்டர், கிரைண்டர், தண்ணீர் டேங்க் எல்லாம் அங்கே போயின. வண்டி கிழக்கே திரும்பினால் அந்த மூலை வாயு மூலையாகிவிடும், வடக்கே போனால் கன்னி மூலையாகிவிடும் என்பதைப் பற்றி வாஸ்து எதுவும் சொல்லவில்லை. பூவரசனும் கேட்கவில்லை. வீட்டில் அமைதி முக்கியம் என்று மலர்க்கொடியும் விட்டுவிட்டார்.

முதல் ஓட்டத்துக்கே அக்காவை ஏற்றிக்கொண்டதுதான் அவசரம். முன்சீட்டில் அழகம்மாள், பின்சீட்டில் பூவரசன், பின்னால் வீடு. கொள்ளிடம் பாலம் தாண்டி வேகம் பிடித்ததும் வீடு வாலாட்டத் தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு பிக்கப்பின் பின்பக்கத்தையே பிடித்து இடமும் வலமும் உலுக்கியது. பக்கத்தில் வந்த லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. மலர்க்கொடி பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தார். மெதுவாக, மிக மெதுவாக, வால் அடங்கியது. வண்டியை ஓரம் கட்டியபோது அழகம்மாள் அழவில்லை. அதைவிட மோசமாக, நிதானமாகப் பேசினார்.

"என்னைய வீட்டுல விட்டுரு மலரு. இனிமே எங்கயும் கூப்பிடாத."

விட்டுவிட்டு வந்தார்.  திறக்க வந்த தன்னாலேயே அக்காவின் வாசற்கதவு மூடிக்கொண்டது என்பதுதான் மலர்க்கொடியை உறுத்தியது.

மறுநாள் காலை மனைக்குப் போய், பிக்கப்போடு மாட்டும் வீட்டின் முன்கொக்கியைச் சும்மா பிடித்துத் தூக்கிப் பார்த்தார். இவ்வளவு பெரிய வீடு. கொக்கி ஒரு கையில் பூப்போல எழுந்து வந்தது. மலர்க்கொடி தலையில் கையை வைத்துக்கொண்டார். தொட்டியத்தில் வாழைத்தாரை வாலில் அடுக்கினால் கொக்கி மேலே எழும்பும், டிராக்டரை அலைக்கழிக்கும் என்று பாவாடை கட்டிய வயதிலேயே தெரியும். தாரில் ஒருநாளும் செய்யாத தப்பை வீட்டில் செய்திருக்கிறார். வீடு என்று நினைத்துவிட்டார். சுமை என்று நினைக்கவில்லை.

இருதயநாதன் வந்து பார்த்துவிட்டு நெளிந்தார். "எனக்கும் அப்பவே பட்டுச்சுங்க. ஐயா வாஸ்துன்னு சொன்னாரு. நான் மாதா கோயிலுக்குப் போறவன், நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்."

சமையலறை சக்கர அச்சுக்கு முன்னால், வலது பக்கத்துக்கு வந்தது. கொக்கி இப்போது கையில் எழவில்லை. பூவரசன் எழுந்தார். அக்னி மூலை எங்கே என்று கேட்டார்.

"வீட்ட கெழக்க பாக்கத் திருப்பி நிறுத்துனா, முன்பக்கம் வலது மூலை என்ன மூலைங்க?" என்றார் மலர்க்கொடி.

பூவரசன் போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு மனையை இரண்டு சுற்றுச் சுற்றினார். கடைசியில், தென்கிழக்குதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மனையின் வாசல் இருப்பதே கிழக்கில். மூக்கு கிழக்கே பார்க்க வேண்டுமென்றால், தெருவிலிருந்து வாலை முதலில் உள்ளே விட வேண்டும். இதுவரை வண்டியைக் கழற்றி ஆட்கள் கையால் தள்ளித்தான் உள்ளே விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கரன்ட் கம்பம், மறுபக்கம் எதிர்வீட்டு வஹீதாவின் ஸ்கூட்டி, சுற்றிலும் ஹீரோவை இன்னும் நம்பிக்கொண்டிருந்த ஜனங்கள்.

நம் ஊரில் ஒரு வண்டி பின்னால் வந்தால் தெருவில் போகும் அத்தனை பேரும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஆகிவிடுவார்கள். இடது ஒடி என்றார் ஒருவர். வா வா வா என்றார் இன்னொருவர். இருவரில் முந்தியவர் பூவரசன்தான். மலர்க்கொடி கண்ணாடியை இறக்கி, எல்லாரும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொள்ளும்படி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். வஹீதா ஸ்கூட்டியை நகர்த்திவிட்டு, போனில் வீடியோ காலைப் போட்டு உயர்த்திப் பிடித்தார். அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் அழகம்மாள், வேண்டா வெறுப்பாக.

வால் இடப்பக்கம் போக வேண்டும். மலர்க்கொடி ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். கூட்டம் ஐயோ என்றது. வால் சொன்ன பேச்சுக் கேட்டு வாசலுக்குள் திரும்பியது. ஒரு தடவை முன்னே எடுத்துச் சரி செய்தார். பிறகு ஒரே மூச்சில், கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே வீடு வழுக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றது. ஹீரோவைப் பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். மலர்க்கொடிக்குக் காது சூடானது. யாரும் பார்க்காதபோது சிரித்துக்கொள்ளலாம் என்று இறங்கிக் கதவைச் சாத்தினார். அதற்குள் முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது.

போனிலிருந்து குரல் வந்தது. "என்னத்த மாத்துன?"

"அடுப்பையும் தண்ணி டேங்கையும் முன்னாடி கொண்டாந்துட்டேன்க்கா."

"ஆடாதா?"

"ஆடுனா அந்த எடத்துலயே திருப்பிருவேன்."

அந்தப் பக்கம் காலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "வியாழக்கெழம வா" என்றார் அழகம்மாள்.

வியாழக்கிழமை கொள்ளிடம் பாலத்தில் அழகம்மாள் மேல்கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். துறையூர் வந்தபோது ஒரு கை. உப்பிலியபுரத்தில் அந்தக் கையால் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். வீடு பின்னால் வந்துகொண்டிருப்பதையே மறந்துபோகும் அளவுக்குச் சமர்த்தாக வந்தது.

மலை ஏறுமுன் சரிவான இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே இறங்கியபோதுதான், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டைகளைப் பூவரசன் கழுவி மாடியில் காயவைத்துவிட்டு வந்திருப்பது தெரிந்தது. கடைக்கார இருளாயி உள்ளே போய், அம்மிக் குழவியைத் தூக்கி வந்து சக்கரத்தடியில் வைத்தார். மேலேயும் தேவைப்படும், கொண்டுபோய்விட்டு வரும்போது தாருங்கள் என்றார். நானே கொண்டுவந்து கையில் தருகிறேன் என்று அழகம்மாள் வாக்குக் கொடுத்தார்.

இரண்டாவது கியரில், வளைவுக்கு வளைவு முனகிக்கொண்டு பிக்கப் வீட்டை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது. மேலே குழவி சக்கரத்தடியில் உட்கார்ந்தது. அழகம்மாள் தாழ்வான படியில் தானே ஏறினார். கதவைச் சாத்திக்கொண்டார். நெடுநேரம் கழித்து முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்தார். எதிரே மலை. யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நல்லா ஓட்டுற" என்றார். அக்கா தங்கையைப் பாராட்டியது மலர்க்கொடிக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. தங்கை பதிலுக்கு, டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

இறங்கும்போது, மூலக்காட்டுப் பக்கம் இறக்கம் சுலபம் என்று யாரோ சொல்ல, இருளாயி கடையைத் தொடாத அந்த வழியாக வந்துவிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் அக்காவை இறக்கிவிடும்போதுதான் குழவி கண்ணில் பட்டது. துறையூர் பஸ்ஸில் தெரிந்த கண்டக்டர் இருக்கிறார், கொடுத்துவிடலாம் என்றார் பூவரசன்.

"வாங்குனது நானு. கையில தர்றேன்னு சொல்லிருக்கேன்" என்று அழகம்மாள் குழவியைத் தன் வீட்டுக்குள் வைக்கச் சொல்லிவிட்டார். "எப்பப் போறோம்?"

மலர்க்கொடி இருளாயிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். மிக்ஸி இருக்குங்கக்கா, அவசரமில்ல, நேர்லயே வாங்க என்றாராம் இருளாயி. மழை முடியட்டும் என்கிறார் பூவரசன். அழகம்மாள் தினமும் போன் செய்து மழை விட்டுவிட்டதா என்று கேட்கிறார். ஸ்ரீரங்கத்தில் நல்ல வெயில் அடிக்கும் நாட்களிலும். குழவி இன்னும் திரும்பிப் போகவில்லை.