உரப்பை வேலி

எங்கள் தோட்டம் சுன்னாகத்துக்குக் கிட்ட, ஐந்து பரப்புச் செம்மண். எனக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் போன பிறகு என் மருமகன், தம்பியின் மகன்தான் அதில் வெங்காயம் நட்டு வந்தான். காணியை அவனுக்கே எழுதிவிடுவது என்று நினைத்திருந்தேன். என்னிடம் கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லை.

எங்கள் பக்கத்தில் வேலியைப் பனையோலையால் அடைப்பார்கள். ஒரு வருசம், கூடினால் இரண்டு வருசம் நிற்கும். பிறகு பழைய ஓலையைக் கழற்றித் தோட்டத்தில் கிடங்கு வெட்டித் தாட்டுவிடுவோம். மண் அதைத் தின்றுவிடும். வேலியில் கழிந்தது பசளை என்றுதான் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை. எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன்.

அவர் இறந்த வருசம் ஓலைக்கு ஆள் பிடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆம்பிளைகளிடம் போய்க் கதைத்துப் பழக்கமில்லை. கொட்டிலில் உரம் வந்த பைகள் அடுக்காகக் கிடந்தன. வெள்ளைப் பிளாஸ்டிக் நாடாவால் நெய்த பைகள். கழுவிக் காயவைத்து, பிரித்து, ஒன்றோடொன்று தைத்து வேலி முழுக்க நானே கட்டினேன். கழுவிய தண்ணீர் கிணற்றடியிலேயே ஊறிப்போனது. அதையும் அப்போது யோசிக்கவில்லை. கோயிலுக்குப் போன பெண்கள் நின்று பார்த்து, இனி வருசா வருசம் வேலி அடைக்கிற கரைச்சல் இல்லை, கெட்டிக்காரி என்றார்கள். அன்று முழுக்க எனக்குச் சந்தோசம்.

மூன்று வருசம் நின்றது. பிறகு வெயில் பட்ட இடமெல்லாம் தொட்டால் பொடிந்தது. மடிப்புக்குள் இருந்தது மட்டும் நாடா நாடாவாகக் கிழிந்தது. எல்லாவற்றையும் கழற்றிக் குவித்தேன். கொஞ்சத்தைக் கொளுத்திப் பார்த்தேன். கறுப்புப் புகை எழும்பித் தொண்டையைக் கமறவைத்தது. அணைத்துவிட்டேன். அதற்குப் பிறகு செய்தது பழக்கம்தான். தோட்டத்து மூலையில் கிடங்கு வெட்டிப் பைகளைப் போட்டு, மேலே பூவரசங்குழையைப் பரவி, மண்ணால் மூடினேன். அது ஓலை இல்லை என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். தெரியும். ஆனாலும் மண் எதையும் தின்றுவிடும் என்று ஒரு எண்ணம்.

அடுத்த முறை மருமகன் அந்த மூலையைக் கொத்தியபோது மண்வெட்டியில் ஒரு நாடா சுற்றிக்கொண்டது. இழுத்தான். வந்துகொண்டே இருந்தது.

"மாமி, இதை ஆர் தாட்டது?"

நான் தேத்தண்ணியோடு பக்கத்தில் நின்றேன்.

"எனக்குத் தெரியாது, அப்பன்."

வெட்கம். வேறொன்றும் இல்லை. இவ்வளவு வயதாகியும் இது விளங்கவில்லையா என்று நினைத்துவிடுவானே என்று. வேலியிலிருந்து கிழிந்து காற்றோடு வந்திருக்கும் என்று அவனே சொல்லிக்கொண்டு, மற்ற நாள் உழவு மெசினைப் பிடித்துவந்தான். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மூலைக்கு வர முன்னம் ஓடிப்போய் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஓட்டினவன் முன்பின் தெரியாத ஆள். மெசின் குறுக்கும் நெடுக்கும் நாலு தரம் போய்வந்தது. முழு நாடாவாக இழுத்தெடுத்திருக்கக்கூடியதை அதன் கத்திகள் நகத்தளவாக வெட்டித் தோட்டம் முழுக்கப் பரப்பிவிட்டன.

வெங்காயம் கிண்டியபோது ஒவ்வொரு பிடியிலும் வேருக்குள் வெள்ளைத் துண்டுகள். மருமகன் வரம்பில் குந்தியிருந்து ஒரு கை மண்ணை அள்ளி விரித்து, வெகுநேரம் அதையே பார்த்தான். அப்போதுதான் சொன்னேன்.

"நான்தான் தாட்டனான். வேலியிலை கட்டின பையள்."

"ஓலையெண்டு நினைச்சீங்களோ, மாமி?"

நான் குனிந்து வெங்காயத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன்.

"உழ முதல் சொல்லியிருந்தா ஒரு நாளையிலை இழுத்தெடுத்திருப்பன்" என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவனும் மனைவியும் மூன்று நாள் குனிந்து பொறுக்கினார்கள். நான் அரிதட்டால் மண்ணை அரித்தேன். அரிதட்டில் நின்றதை விடக் கீழே விழுந்தது கூட. பொறுக்கியதை என்ன செய்வது என்பதும் தெரியவில்லை. எரித்தால் புகை. குப்பை வண்டியில் போட்டால், ஊருக்கு வெளியே வெட்டையில் கொட்டுவார்கள், மாடு தின்னும் என்றான். நான் உண்டாக்கிய குப்பைக்கு இந்த உலகத்தில் ஒரு இடமும் இல்லை. நாலாம் நாள் அவர்கள் வரவில்லை.

இந்த மாரிக்கு அவன் வேறு காணி எடுத்துவிட்டான். தூரம், ஆனால் சுத்தமான மண் என்றான். காணி எழுதுகிற கதையை நான் எடுத்தபோது, இப்போது என்ன அவசரம் என்று அவன் மனைவி எழும்பிக் கோப்பைகளைக் கழுவப் போனாள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. அது எனக்கு விளங்கியது. மறுபடி கேட்கவில்லை.

போன கிழமை பெருமழை. விடிய எழும்பிப் பார்த்தேன். வெறுங்காணியில் நின்ற தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு கீழ்ப்பக்கத் தோட்டத்துக்குள் பாய்ந்தது. அந்தத் தண்ணீரின் மேலே வெள்ளைத் துகள்கள் நிரையாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தத் தோட்டக்காரர் குடையோடு வந்து, புகையிலை நடப்போகிற தன் நிலம் நன்றாக ஊறட்டும் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.