எம்.ஏ. வரலாறும் பேபி அத்தையும்

எம்.ஏ. வகுப்புக்கு வரலாறு நடத்துவது என்பது, எப்போதோ நடந்து முடிந்த காரியங்களுக்கு இப்போது ஆள் பிடிக்கிற வேலை.

கரும்பலகையோடு மாரடிக்கிற சகபாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கொடைக்கானலில் ஒரு சின்ன வளாகம் உண்டு. அங்கே வரலாற்றுத் துறை என்றால் மூன்று ஆசிரியர்கள், இரண்டு வகுப்பறைகள், ஒழுகுகிற கூரை ஒன்று. பதினாறு வருடமாகச் செண்பகனூர் வாடகை வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வந்து, அந்தக் கூரைக்குக் கீழே பாடம் நடத்துகிறேன். இனி இதில் வருகிற எல்லாருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஊர்களையும் கொஞ்சம் இடம் மாற்றி வைத்திருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

வெயில் விழும் பாடம்

இரண்டாம் ஆண்டு மாணவர்கள் விருப்பப் பாடம் ஒன்றை எடுக்க வேண்டும். துறைத்தலைவர் பல வருடமாக நடத்திவருவது 'ஐரோப்பியப் புரட்சிகள்'. நான் புதிதாகக் கொண்டுவந்தது 'வாய்மொழியும் ஆவணமும்'. மக்கள் சொல்வதையும் தாள்கள் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரலாறு எழுதப் பழகுகிற பாடம். நாலு வருடம் மனுப் போட்டு வாங்கினேன். தலைவருக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. "ஒரு வருஷம் நடத்திப் பாருங்கம்மா" என்று இரண்டு நிபந்தனை போட்டார். ஐந்து பேராவது சேர வேண்டும். வருட முடிவுக்குள் ஒரு மாணவரின் கட்டுரையாவது பல்கலைக்கழக ஆய்விதழுக்குத் தேற வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பாடம் போய்விடும்.

முதல் நாள் ஐரோப்பாவுக்குப் பதினான்கு பேர், எனக்கு இரண்டு பேர். புரட்சி என்றால் இளரத்தத்துக்கு ஒரு கவர்ச்சி இருக்கத்தானே செய்யும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மனது கேட்கவில்லை. வினோத் என்ற பையனைப் பிடித்து, ஐரோப்பாவில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை.

"அது கெழக்குப் பாத்த ரூம்ல நடக்குதுங்க மேடம். ஒம்போது மணிக்கே வெயில் வந்துரும். உங்க ரூம்ல கை வெறச்சுப் போயி பேனா புடிக்க முடியலங்க."

நாற்பது பக்கம்

தலைவரின் தேர்வறை மேற்பார்வையை அந்தப் பருவம் முழுக்க நானே பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, வாரத்தில் இரண்டு காலை கிழக்கு அறையை வாங்கினேன். ஆறு பேர் சேர்ந்தார்கள். வரலாற்று உணர்வு ஒரு ஜன்னலில் வந்துவிட்டது.

பாடக்குறிப்புகளை நகலெடுக்க பஜாரில் ஜெராக்ஸ் கடை பாயிடம் போனேன். துறை தொடங்கிய காலத்திலிருந்து எங்கள் கேள்வித்தாளும் கட்டுரையும் அவர் கையைத் தாண்டித்தான் போகின்றன. எங்களில் யார் எவ்வளவு படிக்கிறோம் என்பது அவருக்குத்தான் சரியாகத் தெரியும். முதலாம் ஆண்டுக்கான குறிப்பை எடுத்து மெஷினில் வைத்தவர், முதல் பக்கத்தைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்.

"போன வருசமும் இதே நாப்பது பக்கந்தான் எடுத்தீங்க மேடம். இந்த வருசம் புதுசா ஒண்ணும் நடக்கலையாங்க?"

வீட்டிலிருந்து ஒரு தாள்

என் பாடத்தில் முதல் வேலை, வீட்டில் கிடக்கிற பழைய தாள் ஒன்றை எடுத்து வருவது. மாணவரைவிட வயதான தாளாக இருக்க வேண்டும். அதைப் பற்றி வீட்டில் உள்ளவர்கள் சொல்வதை எழுதி, தாள் சொல்வதோடு ஒப்பிட வேண்டும். ஒருவன் தாத்தாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கொண்டுவந்தான். வினோத், ஏரிக்கரையில் குதிரை ஓட்டிய பெரியப்பாவின் அனுமதிச் சீட்டைக் கொண்டுவந்தான். அதில் குதிரையின் பெயர் இருந்தது. பெரியப்பாவின் பெயர் கரைந்துபோயிருந்தது.

பேத்துப்பாறையிலிருந்து பஸ்ஸில் வருகிற செல்வராணி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒரு குடும்ப அட்டையை எடுத்து வைத்தாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் திரும்பி வந்த குடும்பங்களுக்குக் கொடுத்த அட்டை. அவள் அப்பா முத்தையா எட்டு வயதில் வந்தவர், இப்போது பூண்டுக் காட்டில் கூலி வேலை. அட்டையில் தாத்தா, பாட்டி, முத்தையா, அவருடைய தம்பி. கூடவே 'ராஜேஸ்வரி, மகள், வயது 11'. ஐந்து பேரும் கரையிறங்கியதாக முத்திரை குத்தியிருந்தது.

செல்வராணி எழுதிவந்த அப்பாவின் வாக்குமூலம் வேறு மாதிரி இருந்தது. அக்கா ராஜேஸ்வரி சிலோனிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டாள், கப்பல் ஏறவே இல்லை என்று அவர் சொல்லியிருந்தார். எனக்குக் கை பரபரத்தது. பாடம் நடத்துகிறவளுக்கு இதைவிட நல்ல முரண்பாடு கிடைக்குமா. எட்டு வயதுப் பிள்ளைக்கு எங்கே எது நடந்தது என்று என்ன ஞாபகம் இருக்கும், தாளுக்கு மறதி கிடையாது என்று வகுப்பில் அரை மணி நேரம் விளக்கினேன். செல்வராணி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா பொய் சொல்ல மாட்டாருங்க மேடம். ஆனா முத்திரை இருக்குல்ல."

அருமை

அவள் கட்டுரை பதினெட்டுப் பக்கம். படிக்கப் படிக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. 'ராஜேஸ்வரி குடும்பத்தோடு கப்பலேறி இங்கு வந்து, அதன் பிறகே இறந்திருக்க வேண்டும். தந்தையின் நினைவு இரு நிகழ்வுகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறது' என்று முடித்திருந்தாள். ஓரத்தில் சிவப்பு மையில் 'அருமை' என்று எழுதி, அட்டையின் நகலையும் இணைத்து ஆய்விதழுக்கு அனுப்பினேன். இரண்டே மாதத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அச்சுக்கு முந்தைய படியும் வந்துவிட்டது. பாடம் பிழைத்தது. செல்வராணிக்கும் அது சின்ன விஷயமில்லை. முனைவர் பட்ட இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது அச்சில் வந்த கட்டுரைக்குத் தனி மதிப்பு.

படியைத் தலைவரின் மேசையில் வைத்தேன். ஒரு பக்கம் புரட்டினார். வாழ்த்துவதில் அவர் எப்போதும் சிக்கனம்.

"அட்டை இருந்துச்சு, தப்பிச்சீங்கம்மா. அந்த ஆள் சொன்னத மட்டும் எழுதியிருந்தா இதக் கதைப் பத்திரிகைக்குத்தான் அனுப்பியிருக்கணும்."

இறந்தவர் வந்தார்

செல்வராணி அன்றைக்குச் சாயங்காலமே படியை வீட்டுக்குக் கொண்டுபோய், அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் பாதியில் எழுந்து போய்விட்டார். ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் வெள்ளனே கிளம்பிப் பெருமாள்மலைக்குப் போய், அங்கே சாலையோரம் பேரிக்காயும் பட்டர் ஃப்ரூட்டும் விற்கிற பேபி அத்தையைக் கூட்டிக்கொண்டு நேராக எங்கள் துறைக்கு வந்துவிட்டார். அத்தை என்று செல்வராணி கூப்பிடுகிறாளே தவிர, எந்த வழியில் உறவு என்று அவளுக்கே தெரியாது. அறுபதை ஒட்டிய வயது, ஆம்பிளை ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர். நான் நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"நான் செத்துப்போனேன்னு எழுதச் சொன்ன மேடம் நீங்கதானுங்களா?" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முத்தையா கதவைச் சாத்தினார். பேபி அத்தை நின்றுகொண்டே சொன்னார். "முத்தையா சொன்னது நெசந்தாங்க. ராஜேஸ்வரி தோட்டத்து லயத்துலயே காய்ச்சல்ல போயிருச்சு. கப்பலுக்கு ரெண்டு வாரம் இருந்துச்சு. அட்டையில அது பேரு இருந்துச்சு. நான் அந்த லயத்து வீட்டு வரிசையில பக்கத்துக் காம்பிரா. எனக்கு ஆத்தாளும் இல்ல, அப்பனும் இல்ல. அந்தப் புள்ளைய மண்ணுக்குள்ள வச்சிட்டு வந்த அன்னைக்கே அவங்க அம்மா என்னையக் கூப்பிட்டு, இந்தப் பேருல நீ வான்னு சொன்னாக. புள்ளைகளுக்குப் போட்டோ கெடையாது, பேரும் வயசுந்தான். அன்னையிலருந்து நாந்தான் ராஜேஸ்வரி. ரேஷன்ல, ஓட்டுல, வீட்டுப் பட்டாவுல எல்லாத்துலயும். இப்ப பென்சனுக்கும் எழுதிப் போட்டிருக்கேன். பக்கத்து மனைக்காரன் எப்படா எடம் கெடைக்கும்னு காத்துக் கெடக்கான். ராஜேஸ்வரி அப்பவே செத்துட்டான்னு நீங்க அச்சடிச்சுக் குடுத்தா அவனுக்கு அது போதுங்க."

வாய்மொழிக்கென்றே ஒரு பாடம் தொடங்கியவள் நான். ஒரு மனுஷர் வாய் திறந்து சொன்ன உண்மையை முத்திரையைக் காட்டி அடித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் செய்தேன். முத்தையா, "விடுங்க மேடம், உங்களுக்கு எப்படித் தெரியும்" என்றார். அவர் அப்படிச் சொன்னது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆனாலும் தொழில் புத்தி எங்கே போகும். கிளம்புகிற நேரத்தில், உங்கள் சொந்தப் பெயர் என்ன என்று பேபி அத்தையிடம் கேட்டுவிட்டேன். அவர் மஃப்ளரை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"அத அந்தப் புள்ள கூடவே வச்சு மூடிட்டு வந்தாச்சுங்க. நீங்க நோட்ட மூடுங்க."

ஒரு தடவை போதும்

வழி இருக்கிறதா என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். உண்மையை எழுதித் திருத்தலாம் என்றால், ஆள் மாறி வந்த கதை வெளியே வரும். அது இன்னும் மோசம். பெயரை மாற்றலாம் என்றால், அட்டையின் நகலிலேயே அந்தப் பெயர் இருக்கிறது, நகல் இல்லாமல் ஆய்விதழ் ஏற்காது. ஒரு கட்டுரையை யார் படிக்கப்போகிறார்கள், ஆய்விதழை எழுதினவரே முழுசாகப் படிப்பதில்லை என்றும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் அது இணையத்தில் ஏறும். பக்கத்து மனைக்காரரிடமும் போன் இருக்கும்.

மறுநாள் செல்வராணியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார். கட்டுரை உன்னுடையது, முடிவும் உன்னுடையது, எடுத்துவிட்டால் முனைவர் பட்ட இடத்துக்கு அடுத்த வருடம்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்றேன். பாடமும் போய்விடும் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் எனக்காக ஏதாவது யோசிப்பாளோ என்று பயம். அவள் படியை என் மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"ராஜேஸ்வரி ஒரு தடவ செத்தது போதுங்க மேடம். வெரசா எடுத்துருங்க."

காரணம்

ஆய்விதழுக்குச் சொல்லிக் கட்டுரையை நிறுத்தினேன். செல்வராணி மதிப்பெண்ணுக்காக ஏரியைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். வருடா வருடம் யாராவது எழுதுகிற அதே ஏரிதான். அப்படியும் தேறிவிட்டாள். இப்போது பெருமாள்மலையில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்திக்கொண்டே மறுபடி விண்ணப்பிக்கத் தயாராகிறாள். வேறு தலைப்பு. பேபி அத்தைக்குப் பென்சன் வந்துவிட்டது. பேரிக்காய் சீசனில் அந்தப் பக்கம் போனால் எனக்குக் கூடுதலாக இரண்டு போடுவார். மற்றபடி நாங்கள் எதுவும் பேசிக்கொள்வதில்லை.

பாடத்தை நீக்குகிற கோப்பு என்னிடம்தான் வந்தது. ஏற்றுக்கொண்ட கட்டுரையை ஏன் திரும்பப் பெற்றீர்கள், காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று குறிப்பு. காரணம் இல்லாமல் எங்கள் ஊரில் எந்தக் கோப்பும் நகராது. கடைசியில், 'தந்தையின் வாய்மொழிக் கூற்றைத் தவிரத் தக்க ஆதாரம் கிடைக்காமையால் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோப்பிலிருந்த அட்டையின் நகலை உருவி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். தலைவர் என் வரியை இரண்டு முறை படித்தார். பதினாறு வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

"நான் அப்பவே சொன்னேனேம்மா, ஜனங்க வாயால சொல்றதெல்லாம் வரலாறு ஆகாதுன்னு."

நாளைக்கு யாராவது எங்கள் துறையின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால், அந்த வருடம் ஒரு பாடம் ஆதாரமில்லாமல் நின்றுபோனது என்று எழுதி, அடிக்குறிப்பில் என் கையெழுத்தையே ஆதாரமாகக் காட்டுவார்கள்.