இருக்கியா, இருக்கேன்

மைதானத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'இருக்கியா' என்றால் அவர்தான். "என்ன, இருக்கியா இன்னும் வரலியா?" என்று டாக்சிக்காரர் கேட்பார். "அவர் வராம எந்த மேட்ச் தொடங்கியிருக்கு?" என்று அழகு நிலையம் நடத்தும் அம்மா சிரிப்பார். இந்த இருவரின் மகள்களும் இருக்கியாவின் மகளும் ஒரே பள்ளியின் கால்பந்து அணி. இருக்கியாவின் மகளை எல்லோரும் வாண்டு என்பார்கள். பதின்மூன்று வயது, கோல்கீப்பர், பந்துக்கு முன்னால் விழுவதற்குக் கொஞ்சமும் யோசிக்காத பிறவி.

அவள் விழும்போதெல்லாம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கத்துவார்: "வாண்டு, இருக்கியா?" அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். வலது கையுறை மட்டும் மேலே போகும். "இருக்கேன்!" அவ்வளவுதான், ஆட்டம் தொடரும். எதிரணிப் பிள்ளைகள்கூட அதைச் சொல்லிக்காட்டிக் கேலி செய்வார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

இந்தப் பழக்கம் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை, அவருடைய பிழைப்பிலிருந்து வந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த கையோடு ஸ்பானர் பிடித்தவர். லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடியில், குழிக்குள். இன்னொருவர் உச்சியில், மெஷின் ரூமில். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, நடுவில் நீளமான இருட்டு மட்டும். மேலே இருப்பவர் "இருக்கியா?" என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவர் "இருக்கேன், தள்ளி நிக்கிறேன்" என்று முழுசாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் லிஃப்ட் அசையும். யாரோ ஒருவருக்குக் கை போன பிறகு அந்தக் கம்பெனியில் வந்த சட்டம் அது. மற்றவர்கள் அவசரத்தில் மறப்பார்கள். இவர் ஒரு நாளும் மறந்ததில்லை.

வேலையில் இருந்தது வீட்டுக்குள் வர எவ்வளவு நேரமாகும்? மகள் தவழத் தொடங்கியபோதே கட்டிலுக்கு அடியில் குனிந்து "இருக்கியா?" என்று ஆரம்பித்துவிட்டார். பேச்சு வந்ததும் அவள் "இக்கேன்" என்று கையைத் தூக்கினாள். பிறகு தினமும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு குரல், குளியலறையிலிருந்தோ மாடியிலிருந்தோ ஒரு பதில். அவர் மனைவி ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவர். நாளெல்லாம் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் அவருக்கு இந்தக் கூச்சல் சில நாள் சிரிப்பாகவும் சில நாள் தலைவலியாகவும் இருக்கும்.

ஒரு மத்தியானம் வாண்டு காய்ச்சலோடு சோபாவில் சுருண்டு கிடந்தாள். அவர் வேலையிலிருந்து வந்தார், வழக்கம்போலக் குரல் கொடுத்தார். கை மேலே போனது. "இருக்கேன்." அப்படியே கீழே விழுந்தது.

"ஏங்க, அவ தூங்கறாங்க," என்றார் மனைவி. "கண்ணையே திறக்கலை. பாருங்க."

"பார்த்தியா, தூக்கத்துலயும் டியூட்டி!" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மனைவி சிரிக்கவில்லை. "எனக்கு இது நல்லாப் படலை. பிள்ளையைக் கேட்டா பிள்ளை சொல்லணும். இது வேற என்னமோ சொல்லுது," என்றார். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெற்றவர்கள் மைதானத்துக்கு வந்தால் என்ன ஆகிறார்கள் என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். வீட்டில் அதட்டிப் பேசாத மனிதர் நடுவரின் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லிக் கத்துவார். அழகு நிலையத்து அம்மா இருக்கிறாரே, வாடிக்கையாளரிடம் தேன் ஒழுகப் பேசுகிறவர், எதிரணியின் பொடிப்பெண் தன் மகளை இடித்தால் "அந்தக் குண்டைத் தூக்கி வெளிய போடுங்க சார்!" என்பார். அந்தப் பிள்ளைக்கும் ஒரு அம்மா பத்தடி தள்ளி நிற்கிறாளே என்ற நினைப்பு வேண்டாமா? டாக்சிக்காரர் மகள் பந்தை விட்டுவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியில் போய் உட்கார்ந்துவிடுவார். அந்தப் பெண் ஆடிக்கொண்டே வண்டியைப் பார்க்கும். கொடுமை! இந்தக் கும்பலில் இருக்கியா நல்லவர் என்றே சொல்ல வேண்டும். யாரையும் திட்ட மாட்டார். மகளை ஒரே ஒரு கேள்வி கேட்பார், பதில் வந்ததும் நிம்மதியாகிவிடுவார்.

தேர்வு ஆட்டம் வந்த வாரம் ஒன்று நடந்தது. ஒரு அலுவலகக் கட்டடத்தில் வேலை. கூட வேலை பார்க்கும் ஒல்லி குழிக்குள் இறங்கியிருந்தான். அவர் மேலிருந்து "இருக்கியா?" என்றார். "இருக்கேன், தள்ளி நிக்கிறேன்," என்று ஒல்லியின் குரல் வந்தது. எல்லாம் சரி. ஆனால் அவருக்கு என்னவோ கை போகவில்லை. குரல் சுரத்தே இல்லாமல் வந்தது. பட்டனை விட்டுவிட்டு அத்தனை மாடியும் படியிறங்கிப் போய்க் குழிக்குள் எட்டிப் பார்த்தார். லிஃப்ட் ஏறும்போது எதிர்ப்பக்கம் இறங்குமே இரும்புப் பாரம், அது வந்து நிற்கும் இடத்தில் ஒல்லி தலையை நீட்டிக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான்.

"டேய், தள்ளி நிக்கிறேன்னு சொன்னியேடா!"

ஒல்லி நிமிர்ந்து பார்த்தான். "நானா? நீங்க கூப்பிட்டதே எனக்குக் கேட்கலையேண்ணே."

சத்தியமாக அவனுக்குத் தெரியவில்லை. வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வாய் தானாகச் சொல்லியிருக்கிறது.  அவர் குழி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "இனிமே பதில் வந்தா மட்டும் பத்தாதுடா. ஆளை நேர்ல பார்த்தாத்தான் நான் பட்டனைத் தொடுவேன்," என்று ஒல்லியிடம் சொன்னார். அன்று மாலை வீட்டுக்கு வந்து வாசலில் வழக்கம்போல "இருக்கியா?" என்றார். உள்ளிருந்து "இருக்கேன்" வந்தது. அவர் கால் கழுவப் போய்விட்டார். என்ன சொல்ல!

சனிக்கிழமை தேர்வு ஆட்டம். விளையாட்டுப் பள்ளியிலிருந்து இரண்டு பேர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டால் தங்குமிடம், படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. இருட்டுக் குழிக்குள் கிரீஸ் வாசனையில் காலம் தள்ளிய மனிதருக்கு, மகள் பச்சைப் புல்வெளியில் பிழைக்கப் போகிறாள் என்ற நினைப்பே போதை. மனைவிக்கு அன்று ஷிப்ட். போகும்போது, "அடிபட்டா வெளிய கூட்டிட்டு வந்துடுங்க. விளையாட்டு எங்கயும் ஓடிப்போகாது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் பாதி முடியும் நேரம். எதிரணிப் பெண் ஒருத்தி பந்தோடு தனியாக வந்தாள். வாண்டு ஒரு கணமும் தயங்காமல் அவள் காலடியில் பாய்ந்தாள். பந்து கையில் சிக்கியது. அந்தப் பெண்ணின் முழங்கால் வாண்டுவின் காதுக்கு மேலே இறங்கியது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கே சத்தம் கேட்டது. அழகு நிலையத்து அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். 

பி.டி. டீச்சர் தண்ணீரோடு ஓடினார். குனிந்து பார்த்துவிட்டு, மாற்று ஆட்டக்காரியை நோக்கிக் கையைத் தூக்கினார். நடுவர் விசிலை வாயருகே கொண்டுபோனார். நாற்காலியில் இருந்த இருவரும் எழுந்து நின்றார்கள்.

"வாண்டு, இருக்கியா?"

கையுறை மேலே போனது. "இருக்கேன்!"

மைதானமே கைதட்டியது. "சிங்கக்குட்டிப்பா!" என்றார் டாக்சிக்காரர். டீச்சர் வேலிப் பக்கம் வந்து, "சார், எதுக்கும் உட்கார வைக்கலாம். தலையில பட்டிருக்கு," என்றார்.

"அவளே சொல்லிட்டாளே மேடம். என் பொண்ணை எனக்குத் தெரியாதா? ஆட விடுங்க."

டீச்சர் அவரையும் நாற்காலிக்காரர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாற்று ஆட்டக்காரியைத் திரும்ப உட்காரச் சொன்னார்.

இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறின. வாண்டு மட்டும் நேராகப் பழைய கோல் கம்பத்துக்கே போய் நின்றாள். எதிரணி கோல்கீப்பர் வந்து, "ஏய், இது என் இடம்," என்று சொல்லித் தள்ளிவிட வேண்டியிருந்தது. பெற்றவர்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பாதியிலேயே சிரிப்பை நிறுத்திவிட்டு, "இருக்கியா?" என்றார். கை போனது, "இருக்கேன்" வந்தது. சரி, பதற்றத்தில் மறந்திருப்பாள். சற்று நேரம் கழித்துக் கையுறையைக் கழற்றிப் புல்லில் போட்டாள், குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு மாட்டிக்கொண்டாள். மறுபடி கேட்டார். மறுபடி பதில் வந்தது. கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி, அந்த நிம்மதி தீர்ந்ததும் மறுபடி கேட்பார். அப்படி எத்தனை தடவை கேட்டாரோ!

கடைசியில் ஒரு பெனால்டி. வாண்டு சரியான பக்கம் பாய்ந்து தடுத்துவிட்டாள். ஆட்டம் ஜெயம். ஒரே கூச்சல். நாற்காலிக்காரர்களில் ஒருவர் வேலி வரைக்கும் நடந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்த மன உறுதிதான் சார் எங்களுக்கு வேணும். திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க." அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. இத்தனை நாள் பட்ட பாட்டுக்குப் பலன் வந்துவிட்டது என்று நினைத்தார்.

வாண்டு மெல்ல நடந்து வந்தாள். கம்பி வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"அப்பா, மேட்ச் எப்பப்பா ஆரம்பிக்கும்?"

 அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் வேலியோரத்திலேயே வாந்தி எடுத்தாள், அப்படியே மடங்கி உட்கார்ந்தாள்.

டாக்சிக்காரர்தான் அள்ளிப் போட்டுக்கொண்டு வண்டியை விரட்டினார். பின் சீட்டில் மகள் தலை அப்பா மடியில். "இருக்கியா?" கை உயர்ந்தது. "இருக்கேன்."

"பேசுறாளே, ஒண்ணும் இருக்காது சார்," என்றார் டாக்சிக்காரர்.

அவர் குனிந்து மகள் முகத்தைப் பார்த்தார். கண் திறக்கவில்லை. இமை துடிக்கக்கூட இல்லை. காய்ச்சலில் சோபாவில் கிடந்தபோது வந்த அதே குரல், சுரத்தே இல்லாத குரல். குழிக்குள்ளிருந்து ஒல்லி சொன்னானே, அதே மாதிரி. அப்போதுதான் அவர் மண்டையில் உறைத்தது. ஒல்லிக்காக அத்தனை மாடி இறங்கிப் போய்ப் பார்த்த மனிதர், பெற்ற மகளுக்காக அந்த வேலிக் கதவைத் திறக்கவில்லை. ஐயோ, எத்தனை தடவை கேட்டார், ஒரு தடவையாவது போய்ப் பார்த்தாரா?

ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், கன்னத்தைத் தட்டினார். "பாப்பா, உன் பேர் என்ன? எந்த ஸ்கூல்?" பதில் இல்லை. கையைக் கிள்ளினார். பதில் இல்லை. பெற்றவருக்குப் பொறுக்கவில்லை. வாய் அவரைக் கேட்காமலே கூப்பிட்டுவிட்டது: "வாண்டு, இருக்கியா?"

கை மெத்தையிலிருந்து எழும்பியது. "இருக்கேன்."

"டாக்டர், பேசறா டாக்டர்! அப்பா கூப்பிட்டா பேசறா!" என்று நர்ஸ் துள்ளினாள். டாக்டரும் நின்று திரும்பிப் பார்த்தார்.

"இல்லம்மா," என்றார் வாண்டுவின் அப்பா.  "அதை நம்பாதீங்க. அது தூக்கத்துலயும் வரும். நான்தான் பழக்கிவச்சேன். கிரவுண்டுலயும் அப்படித்தான் சொன்னா, நான் ஆட விட்டுட்டேன். இடைவேளைக்கு முன்னாலேர்ந்தே அவ இல்ல டாக்டர்."

 "மேல ஸ்கேனையும் ஆபரேஷன் தியேட்டரையும் ரெடி பண்ணச் சொல்லுங்க, உடனே," என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னார்.

கட்டிலை லிஃப்டுக்குள் தள்ளினார்கள். அவரும் கூடவே ஓடினார். "நீங்க இங்கயே இருங்க சார்," என்று நர்ஸ் கையை நீட்டித் தடுத்தாள். கதவு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து மூடியது. உள்ளே மகளின் வலது கை போர்வைக்கு வெளியே கிடந்தது, அதுதான் கடைசியாகத் தெரிந்தது. கம்பிவடம் இழுபடும் சத்தமும், சுவருக்குப் பின்னால் இரும்புப் பாரம் இறங்கும் சத்தமும் அவருக்குத் தனித்தனியாகக் கேட்டன.

தகவல் கேட்டு மனைவி வேலை உடையோடு வாசலிலிருந்து ஓடி வந்தார். "எங்கங்க அவ? பேசறாளா? நீங்க கூப்பிட்டுப் பார்த்தீங்களா?"

அவர் மூடிய கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். மேலே போய்க்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிக்குள் குரல் கேட்கும், எப்படிக் கொடுத்தால் கேட்கும் என்றும் அவருக்குத் தெரியும். கூப்பிட்டால் பதிலும் வரும். வாய் தானாகத் திறந்தது. அவர் இன்னொரு கையால் அதை இறுகப் பொத்திக்கொண்டார்.