மெர்க்காராவில் ஓர் ஆள் குறைந்தது

ஊர் காட்டக் கூட்டிப்போகிற தொழிலில் இருப்பவர்கள் ஊரைப் பார்ப்பதில்லை, ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கல்யாணத்துக்கோ கோவிலுக்கோ பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய், வழியில் ஒன்பது தலைதான் தெரிகிறதே என்று வந்த வழியே திரும்பி ஓடியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

எழுபதுகளின் கடைசியில் என் பெரிய மகன் கோவில்பட்டியில் சுற்றுலா பஸ் நடத்த ஆரம்பித்தான். பருத்தி எடுத்து முடிந்து கரிசல் காடெல்லாம் வெறுமனே கிடக்கிற கோடையில்தான் காடு உழுது பிழைக்கிற எங்கள் பக்கத்துச் சம்சாரிகளுக்கு ஊர் பார்க்க நேரம் கிடைக்கும். துணைக்கு ஒரு பெரிய மனுஷி இருந்தால் பெண்களும் வருவார்கள் என்று மகன் தன்னோடு என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டான். பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடித்துவிட்டு, செண்பகவல்லி அம்மன் கோவிலும் வீடுமாக இருந்தவள் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. சமையலை மேற்பார்வை பார்க்க வேண்டும், பெண்களில் யாரையும் எங்கேயும் விட்டுவிடாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இதுதான் வேலை. மைசூர், குடகு மலையில் இருக்கிற மெர்க்காரா, தலைக்காவேரி என்று போன என் முதல் பயணத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

வாக்குக் கொடுத்தது

எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து ரெங்கம்மாள் என்று ஒரு அக்கா வந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். காவேரி பிறக்கிற இடத்தில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை. அவள் புருஷனுக்குப் காட்டில் காய்ந்து நிற்கிற பருத்திமார் பிடுங்குகிற வேலை பாக்கி இருந்தது, மாடுகளையும் விட்டுவிட்டு வர முடியாது. ஆகவே அவளை மட்டும் அனுப்பினார்.

பஸ் புறப்படும் முன் அவர் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்து, அவளுடைய மஞ்சள் பையை என் கையில் கொடுத்தார். அவள் அதிகம் பேசமாட்டாள், எதையாவது பார்த்தால் அங்கேயே நின்றுவிடுவாள், கூப்பிட்டால்தான் வருவாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பொத்திப் பொத்தி வளர்த்த பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற தகப்பன் மாதிரி இருந்தது. அம்மன் சாட்சியாகப் பத்திரமாகக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.  அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நாப்பது வருசத்துல இவளத் தனியா எங்கயும் அனுப்பினதில்ல தாயி. கொண்டு போற மாதிரியே கொண்டாந்து எங் கையில விட்டுரணும்."

எண்ணக் கூடாது

எங்கள் பக்கத்தில் ஆட்களை எண்ண மாட்டார்கள். ஆட்டை எண்ணலாம், மூட்டையை எண்ணலாம். உட்கார்ந்திருக்கிற மனுஷரை விரல் நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணினால் அதில் ஒன்று குறைந்துபோகும் என்று பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. என் பிள்ளைகளையே நான் எண்ணிச் சாப்பிட உட்கார வைத்ததில்லை. ஆனால் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மகன் போட்ட உத்தரவு. சாத்தூர் தாண்டியதும் மனசில்லாமல் எழுந்து எண்ண ஆரம்பித்தேன். ஏழு வரைக்கும் போனேன். எட்டாவதாக இருந்த எட்டயபுரத்துப் பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பிவிட்டாள். அதோடு உட்கார்ந்துவிட்டேன்.

மதுரை வருவதற்குள் ஒரு வழி தோன்றியது. வழியில் தின்ன இரண்டு டின் கடலைமிட்டாய் கொண்டு வந்திருந்தோம். ஒவ்வோர் இடத்திலும் வண்டி கிளம்பும் முன், எத்தனை பேரோ அத்தனை துண்டை எண்ணித் தட்டில் வைத்து நீட்டுவேன். தட்டில் ஒன்று மிஞ்சினால் ஓர் ஆள் ஏறவில்லை என்று அர்த்தம். மிட்டாயை எண்ணினால் யாருக்கு என்ன கெடுதல்? காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. இதில் எனக்குப் பஸ்ஸில் நல்ல பெயர் வேறு வந்துவிட்டது. முன்பு வேறொரு பஸ்ஸில் பழனி போய்வந்த பேச்சியம்மாளே என்னைக் காட்டிச் சொன்னாள்: "அவிய குடிக்கத் தண்ணிகூடக் குடுக்கல. மதினிக்கு இருக்க மனசு யாருக்கு வரும்?"

மலை இருக்கிற பக்கம்

மைசூரிலிருந்து மெர்க்காரா போகிற பாதையில் ஏற்றம் தொடங்கியதும் பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுவிட்டது. எங்கள் பூமியில் ரோடு போட்டால் கயிறு பிடித்த மாதிரி நேராகப் போகும். எதிரே வருகிற வண்டியை ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் முன்னாலேயே பார்த்துவிடலாம். இங்கே பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை.

பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து மலைப் பக்கத்து சீட்டில் போய் நெருக்கி உட்கார்ந்தார்கள். பாரம் அந்தப் பக்கம் இருந்தால் பஸ் பள்ளத்தில் சாயாது என்று கணக்கு. அடுத்த வளைவில் மலை மறுபக்கம் வந்தது. எல்லாரும் எழுந்து இந்தப் பக்கம் வந்தார்கள். உண்மையைச் சொன்னால் முதலில் எழுந்தவள் நான்தான், கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுத்துக்கொண்டே. மூன்றாவது வளைவில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். கோபப்படவில்லை. திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "மலை எந்தப் பக்கம் வந்தாலும் ஸ்டியரிங் எங் கையிலதான் இருக்கு. இருக்க இடத்துல இருங்க தாயி."

ராஜா வீட்டுத் தண்ணீர்

மெர்க்காரா ஒரு காலத்தில் ராஜா இருந்து ஆண்ட ஊர். தெரு என்று ஒன்றும் சமமாகக் கிடையாது. ஒரு வீட்டு வாசலும் அடுத்த வீட்டுக் கூரையும் ஒரே மட்டத்தில் இருக்கும். எங்கள் பெரிய பஸ் அந்தத் தெருக்களில் திரும்பாது என்று பஸ் நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். மகன் ஒரு வேனும் கைடும் பேசினான். இரண்டு மணி நேரத்தில் முழு ஊரையும் காட்டிவிடுவாராம். முதல் நடை பெண்கள் பதினெட்டுப் பேர், என்னைச் சேர்க்காமல். அடுத்த நடை ஆண்கள்.

கைடு ஒல்லியான மனிதர். கம்பளிச் சட்டை, கழுத்தில் விசில். கொஞ்சம் தமிழ் பேசினார். முதலில் கோட்டை. உள்ளே யானை அளவுக்கே இரண்டு யானைச் சிலைகள். ராஜா எத்தனை போர் செய்தார், எங்கே தூங்கினார் என்று கைடு சொல்லிக்கொண்டே போனார். எங்கள் பெண்களுக்கு அதில் மனசு ஒட்டவில்லை. இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் எப்படி வந்தது, எத்தனை கிணறு, எத்தனை வாளி என்று குடைந்தார்கள். இங்கே மேலே இருந்தே தண்ணீர் வரும் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அதுவரை வாயே திறக்காத ரெங்கம்மாள் அக்கா என் முழங்கையைத் தொட்டாள். "குடத்தத் தூக்கினவ யாருன்னு கேளு தங்கச்சி. ராஜா தூக்கியிருக்க மாட்டாரு."

காலியான தட்டு

கோட்டைக்குப் பிறகு குளத்தோடு இருக்கிற சிவன் கோவில். அடுத்து, பள்ளத்தாக்கு தெரியும் என்று ஒரு தோட்டத்துக்குப் போனோம். மூடுபனியைத்தான் பார்த்தோம். கடைசியாக மேட்டில் இருக்கிற ராஜாக்களின் சமாதி. ஒவ்வோர் இடத்திலும் பதினெட்டுத் துண்டு, ஒவ்வோர் இடத்திலும் தட்டு காலி. சமாதியிலிருந்து கிளம்பும்போது சாரல் விழுந்தது. கைடு விசிலை ஊதிக்கொண்டே இருந்தார், பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு ஓடிவந்து ஏறினார்கள். தட்டை நீட்டினேன். பின் சீட்டு வரை போய்க் காலியாகத் திரும்பி வந்தது. அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் புறப்படச் சொன்னேன்.

பஸ் நிலையத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு வேனில் ஒரு மஞ்சள் பை கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எடுக்கக் கை வரவில்லை. ரெங்கம்மாள் அக்கா எங்கே என்று கேட்டேன். ஒருத்தியும் பார்க்கவில்லை. எல்லாரும் ஆளுக்கு ஒரு துண்டுதானே எடுத்தீர்கள் என்று கேட்டேன். பேச்சியம்மாள் மடியை அவிழ்த்துக் காட்டினாள். பேரனுக்கென்று இன்னொரு துண்டு எடுத்து முடிந்து வைத்திருந்தாள். அவள் கண்ணும் கலங்கிவிட்டது. "நீங்க ஆள எண்ணுதீகன்னு எனக்கு எப்படித் தெரியும் மதினி? மிட்டாய் குடுக்கீகன்னுல்லா நெனச்சேன்."

எல்லா ரோடும்

அடுத்த நடைக்கு ஆண்கள் ஏறத் தயாராக நின்றார்கள். மகன் அவர்களை நிறுத்திவிட்டு, என்னையும் கைடையும் வேனில் திருப்பி அனுப்பினான். வந்த வழியாகவே மேலே போகச் சொல்லி, அவன் இன்னொரு பாதையில் நடந்தே ஏறினான்.

எங்கள் கரிசல் காட்டில் ஒரு ஆள் தொலைய வேண்டும் என்று நினைத்தாலும் தொலைய முடியாது. இரண்டு மைலுக்கு அப்பால் போனாலும் முதுகு தெரியும். இங்கே ஒவ்வொரு வளைவிலும் ஊர் மறைந்தது. பனி வேறு இறங்கியது. அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சு தெரியாது. எங்கள் பஸ்ஸின் பேர்கூடச் சொல்லத் தெரியாது. புருஷன் பேரைக் கேட்டால் அதையும் சொல்ல மாட்டாள். பள்ளத்தில் கால் வழுக்கியிருந்தால் என்ற நினைப்பு வந்தது. அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. தாயே, எண்ணினவள் நான், அதில் குறையத்தான் வேண்டுமென்றால் என்னைக் குறைத்துக்கொள், அவளை விட்டுவிடு என்று கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த கைடுக்கு என்ன தோன்றியதோ, விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இந்த ஊர்ல ஆள் தொலையாது அம்மா. எல்லா ரோடும் சுத்திச் சுத்திக் கீழதான் வரும்."

அடைக்காத குழாய்

சமாதிக்குச் சற்றுக் கீழே ஒரு வளைவில் மலையைக் குடைந்து ஒரு இரும்புக் குழாய் வைத்திருந்தார்கள். ஊற்றுத் தண்ணீர் கை பருமனுக்குக் கொட்டியது. அதன் முன்னால் ரெங்கம்மாள் அக்கா நின்றாள். தோள் வரைக்கும் ஈரம். முந்தானையைச் சுருட்டிக் குழாய் வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அதைத் துப்பித் துப்பித் தள்ளியது. அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் தெலுங்கில் அதட்டினாள். அவர்கள் கன்னடத்தில் என்னவோ சொன்னார்கள். பாதிக்குப் பாதி இரு தரப்புக்கும் விளங்கியது போலிருந்தது.

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பேச்சு வரவில்லை. அவளுக்கு நிறைய வந்தது. யாரோ திறந்துவிட்டு அடைக்காமல் போய்விட்டார்களாம். திருகு எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தாளாம். இவ்வளவும் ஓடையில் வீணாய்ப் போகிறதாம். இதற்குத் திருகே கிடையாது, என் தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான் ஓடுகிறது என்று கைடு விளக்கினார். பொய் சொல்கிறவனைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தாள். வேன் போனது தெரியவில்லையா, விசில் கேட்கவில்லையா, பயமாக இல்லையா என்று நான் அழுதுகொண்டே கேட்டேன். அவள் முந்தானையைப் பிழிந்தபடி சொன்னாள்: "போறதப் பாத்துட்டுத்தான் நின்னேன் தங்கச்சி. வண்டி திரும்பி வரும், இந்தத் தண்ணி வருமா?"

கையில் விட்டது

மறுநாள் தலைக்காவேரியில் அவள் முழுக்குப் போட்டபோதும் நான் கையை விடவில்லை. இரண்டு பேருமாக நனைந்தோம்.

திரும்பி வந்து கோவில்பட்டியில் இறங்கினபோது காலை எட்டு மணி. அவள் புருஷன் முதல் பஸ்ஸுக்கே வந்து காத்திருந்தார். நடந்ததைச் சொல்ல வேண்டாம், சொன்னால் அடுத்த வருஷம் ஒரு பெண்ணும் பஸ் ஏற மாட்டாள் என்று மகன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். பேச்சியம்மாளும் அதையே சொன்னாள். அம்மன் சாட்சியாக வாக்குக் கொடுத்துவிட்டு எப்படிச் சொல்லாமல் இருப்பது? மஞ்சள் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, எண்ணியது, தட்டு காலியானது, ஒரு மணி நேரம் அவளைத் தவறவிட்டது, குழாயடியில் கண்டுபிடித்தது, எல்லாவற்றையும் தலைகுனிந்தபடி சொன்னேன். மகன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

அவர் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். பெண்டாட்டியை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.  என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். கடைசியில் அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "அப்புறம் அந்தக் குழாய யாராவது அடைச்சாகளா இல்லியா தாயி?"

அதற்குப் பிறகும் பத்து வருஷம் அந்த பஸ்ஸில் போய்வந்தேன், பயப்படுகிற வேலையை முழுக்க என்னிடம் விட்டுவிட்டு மற்ற எல்லாரும் நிம்மதியாக ஊர் பார்த்தார்கள்.