இரண்டாம் முறை கேட்காத அதிகாரி

யுத்த காலத்தில் நெசவு நூலுக்குக் கன்ட்ரோல் வந்து அளந்து கொடுத்தார்களே, அப்போது எங்கள் தெருவில் செய்தித்தாள் வாசித்துச் சொல்ல என் வீட்டுக்காரரை விட்டால் ஆள் கிடையாது. அருப்புக்கோட்டை பஸ் நிற்கிற இடத்தில் ஒரு காப்பிக் கடை. அங்கே இரண்டு நாள் பழைய தாளைக் கேட்டு வாங்கி வருவார். தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் வாசிக்க, அக்கம்பக்கத்து ஆண்கள் வாசலில் உட்கார்ந்து கேட்பார்கள். வெள்ளைக்காரன் ஏன் போக மாட்டேன் என்கிறான், போனால் யார் வருவார்கள், எல்லாம் நாங்கள் வீட்டில் பேசுகிற கன்னடத்தில் சொல்லுவார். அடுப்படியில் இருக்கும் எனக்கே விளங்கும். எனக்கு விளங்கினால் யாருக்கும் விளங்கும்.

கன்ட்ரோல் நூலை எங்கள் தெருவுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிற உரிமை ஒரு முதலாளியிடம் இருந்தது. வரவேண்டிய நூலில் பாதிதான் எங்களுக்கு வரும். மீதி மூட்டையாகக் கட்டிக் கள்ள விலைக்கு விருதுநகர்ப் பக்கம் போய்விடும் என்று தெருவுக்கே தெரியும். தறி ஓடினால்தான் எங்களுக்குக் கஞ்சி. வானம் பார்த்த பூமி, மழை பொய்த்த வருஷம், காட்டு வேலைக்குப் போகலாம் என்றாலும் காட்டில் வேலை இல்லை.

அந்தச் சமயம்தான் மதுரையிலிருந்து நூல் அதிகாரி நேரில் வந்து விசாரிக்கப்போகிறார் என்று தண்டோரா போட்டார்கள். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கன்னடத்தில் நினைத்துத் தமிழில் பேசினால் அவருக்கு நாக்குப் புரளும்.

"அதிகாரி என்ன, புலியா? நம்ம கிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க," என்றேன்.

"நீ சும்மா இரு. ஒரு வார்த்த தப்புனா காரியம் கெட்டுரும்," என்றார்.

எங்கள் சாவடியில் ஒரு முறை உண்டு. கூட்டம் கூடினால் நாட்டாமை, "யாருக்காச்சும் குறை இருக்கா?" என்று கேட்பார். எடுத்த எடுப்பில் யாரும் சொல்லக்கூடாது. "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்ல வேண்டும். மறுபடி கேட்பார். அதற்குத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். மூன்றாம் முறை கேட்ட பிறகுதான், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து சொல்ல வேண்டும். முதல் கேள்விக்கே வாயைத் திறந்தவன் சண்டைக்காரன், அவனுக்குத் தேங்காய் அபராதம். பெண்பிள்ளைகள் எத்தனையாவது கேள்விக்கும் பேசக்கூடாது, அது வேறு கதை.

அதிகாரி காரில் வந்தார். அவர் பக்கத்தில் அந்த முதலாளியே மாலையோடு நின்றார். நாங்கள் பெண்கள் சாவடிக்குப் பின்னால் நின்று பார்த்தோம். அதிகாரி கைக்குட்டையால் புழுதியைத் துடைத்துக்கொண்டு, நல்ல குணமாகத்தான் கேட்டார்.

"நூல் ஒழுங்கா கெடைக்குதா? ஏதாவது குறை உண்டா?"

நாட்டாமை எழுந்து கும்பிட்டார். "அய்யா புண்ணியத்துல குறை ஒண்ணுமில்லைங்க."

கூட்டம் தலையாட்டியது. என் வீட்டுக்காரர் தூண் ஓரமாகத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த கேள்விக்குத்தான் காத்திருந்தார். எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள்.

"ரொம்ப சந்தோஷம்," என்று அதிகாரி எழுந்துவிட்டார்.

"இன்னொரு வாட்டி கேக்கச் சொல்லுங்களேன்," என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற என் நாத்தனார் என் கையை நறுக்கென்று கிள்ளினாள். முன்னால் இருந்தவர்கள் யாரும் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு எட்டு முன்னால் போனார். நாட்டாமை ஒரு பார்வை பார்த்தார், இவர் அப்படியே நின்றுவிட்டார். அதிகாரி இளநீரைக் குடித்துவிட்டுக் காரில் ஏறினார்.

மறுவாரம் நூல் இன்னும் குறைந்தது. கேட்கப் போனவர்களிடம் முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னாராம்:

"குறை ஒண்ணுமில்லன்னு ஆபீசர் கிட்ட நீங்கதானய்யா சொன்னீக? இப்ப எங்கிட்ட வந்து என்ன கேக்குறீக?"

போனவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.

எங்கள் தறியில் பாவு இறங்கி, புதுப் பாவுக்கு நூல் இல்லாமல் ஒரு மாசமாயிற்று, சிலந்தி கூடு கட்டியது. மதுரைக்குப் போய் அதிகாரியையே பாருங்கள், நானும் வருகிறேன் என்று நான் கத்தினேன். தெருவே கேட்கும்படிதான் கத்தினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நமக்கு அந்த வெவரம் பத்தாது. எப்பப் பேசணும்னே தெரியல. அதெல்லாம் படிச்சவுக சமாச்சாரம்."

"பேப்பர் வாசிக்கிறவுகளுக்கு என்ன வெவரம் பத்தாது?"

"வாசிச்சு என்ன செய்ய," என்றார். அதன் பிறகு தாள் வாங்கி வருவதை விட்டுவிட்டார். வாசலுக்கு வந்த ஆண்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். நான்தான் ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன், யுத்தம் முடிந்ததா என்று. "யாரு கண்டா," என்றார்.

யுத்தம் முடிந்து தேர்தல் வந்தது. வீட்டு வரி கட்டுகிறவர் என்று அவருக்கு ஓட்டு இருந்தது. எனக்கு இல்லை. ஆளுக்கு ஒரு நிறத்தில் பெட்டி வைத்திருக்கிறார்கள், பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும் என்று பேச்சாக இருந்தது. நிற்கிறவர்களில் ஒருவர் முதலாளியின் ஆள் என்றும் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை. சாவடியில் வராத பேச்சு இங்கே வேண்டியதில்லை, நாட்டாமை பார்வையும் இல்லை, மறைவில் கையால் போட்டால் போதும். இத்தனை நாள் பட்டதற்கெல்லாம் ஒரே சீட்டில் பதில் சொல்லிவிட்டு வருவார் என்று வெந்நீர் வைத்துக் கொடுத்து, வேட்டியைக் கொடியில் உலர்த்தி எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

உச்சிவெயிலில் திரும்பி வந்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

"எந்தப் பெட்டியில போட்டீங்க?"

"ஓட்டுப் போடுற எடத்து வாசல்ல மொதலாளி நின்னாக. அவுககிட்டயே எந்த நெறம்னு கேட்டுக்கிட்டேன்."

"நம்ம நூலத் திங்கிற ஆளுகிட்டயா?"

"அவுகளுக்குத்தானே இதெல்லாம் தெரியும்," என்றார். செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்து படுத்தார். முகத்தில் கோபமோ வருத்தமோ ஒன்றும் இல்லை. ஒரு பெரிய வேலை முடிந்தது போல நிம்மதியாக இருந்தார். கஞ்சி இல்லாத நாளெல்லாம் அழாத நான் அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் அதற்குள் தூங்கிவிட்டார்.