பாதி அத்திப்பழம்

ஒரு அற்புதம் எப்படி நடந்தது என்று ஒரே ஒருத்திக்குத் தெரிந்திருந்து, அவளும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால், அந்த அற்புதத்தைச் செய்தது யார்? எர்மெலிந்தா இப்படிக் கேட்டிருக்க மாட்டாள். பியெத்ராஸ்பினா ஊர்ப் பங்குக் கோயில் சாமியார் வீட்டுச் சமையல்காரிக்கு இவ்வளவு சுற்றிவளைத்து யோசிக்க நேரம் கிடையாது. ஆனால் ஒரு கோடை முழுக்க அவள் நெஞ்சில் கிடந்து உறுத்தியது இதுதான்.

பெந்தகோஸ்து திருநாளுக்குப் பிறகு இன்கொரொனாதா ஒலிவ மரத்தடியில் மாதாவைக் காட்சியில் பார்க்க ஆரம்பித்தாள். கோயில் பீடத்துணிகளுக்கு ஓரம் தைக்கும் விதவை அவள். எர்மெலிந்தாவின் சிநேகிதி. சனிக்கிழமை தோறும் மரத்தடியில் முழங்காலிடுவாள், கண் மேலே போய்விடும், மாதா சொன்னதைத் திருப்பிச் சொல்வாள். ஊரே திரண்டது. சாமியார் வீட்டில் மதியச் சாப்பாடு சண்டையாகிவிட்டது.

"சொல்ல வேண்டியதையெல்லாம் ஆண்டவர் சொல்லி முடிச்சாச்சு. கடைசி அப்போஸ்தலர் கண்ணை மூடினதோட அந்தக் கதவு சாத்தியாச்சு" என்பார் பெரிய சாமி தோன் சவேரியோ.

"புதுசா எதையும் சேர்க்கலையே சாமி. மறந்து போனதை ஞாபகப்படுத்துறாங்க. மாதா பேசறதுக்கு நம்மகிட்ட அனுமதி வாங்கணுமா?" என்பார் சின்னச் சாமி தோன் ருஜ்ஜேரோ. குருமடத்திலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

"வாங்க வேண்டாம். ஆனா நம்பித்தான் ஆகணும்னு யாரையும் நீ நெருக்க முடியாது. மறைமாவட்ட ஆயரே கையெழுத்துப் போட்டாலும் நம்பினா தப்பில்லைனுதான் அர்த்தம். நம்பாதவன் நரகத்துக்குப் போவான்னு இல்ல. நேத்து பிரசங்கத்துல நீ என்ன சொன்னே?"

"ஜனங்க அழுதாங்க சாமி."

"வெங்காயம் உரிச்சாலும்தான் அழுவாங்க."

அவரைக்காய் மசியலைப் பரிமாறிக்கொண்டிருந்த எர்மெலிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். பெரிய சாமி ஜெயிப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை கூட்டத்தைக் கலைக்கப் பெரிய சாமியே குடை பிடித்துக்கொண்டு போனார். எர்மெலிந்தா பின்னாலேயே போனாள். அவர் வாயைத் திறக்குமுன் இன்கொரொனாதாவின் குரல் எழும்பியது: "பாதி அத்திப்பழத்தைத் தின்னுட்டுப் பலிபீடம் ஏறின குருவுக்காக என் மகன் அழறார்."

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய சாமி குடையை மடக்கினார். பக்கத்திலிருந்த கல்சுவரில் மெல்ல உட்கார்ந்தார்.

அன்று மாலை சின்னச் சாமியிடம் அவரே சொன்னார். யுத்தத்தின் கடைசிக் குளிர்காலம். விஷக்காய்ச்சலில் தினமும் சாவு. பூசை வைக்கும் குரு நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாத காலம் அது. ஒரு காலையில் கால் நடுங்கி, கண் இருட்டி, சமையலறைத் தட்டிலிருந்து பாதாம் வைத்த காய்ந்த அத்திப்பழத்தை எடுத்துப் பாதி தின்றார். பிறகு போய்ப் பூசை வைத்தார். அடுத்த வாரமே தொலைவிலுள்ள மடத்துக்கு நடந்து போய், ஒரு துறவியிடம் தன் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார்.

"அந்தத் துறவி செத்தாலும் வெளியே சொல்ல மாட்டார். அப்ப இவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார் சின்னச் சாமி. "இப்ப என்ன சொல்றீங்க சாமி?"

"நான் தோத்துட்டேன். இந்தக் காட்சியை விசாரிக்க ஆயர் அனுப்பறவர்கிட்ட நம்பறேன்னு சொல்லிடறேன். பங்குப் பொறுப்பையும் விட்டுடறேன். எந்த முகத்தோட இனி பீடம் ஏறுவேன்?"

அடுப்படியில் எர்மெலிந்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அத்திப்பழம் தின்ற அந்தக் காலையில் விறகோடு பின்வாசலில் நின்றவள் அவள். சாமியார் வீட்டில் சமையல்காரிக்கும் கண் உண்டு என்பது இரண்டு சாமிகளுக்கும் தோன்றவில்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வருடங்கள் கழித்து, பீடத்துணியின் ஒரு முனையை அவளும் மறுமுனையை இன்கொரொனாதாவும் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது, "எங்க சாமியும் மனுஷன்தான்டி" என்று ஆரம்பித்து முழுவதையும் சொல்லியிருந்தாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லிக் காட்டும் பெருமைதான். அந்தப் பெருமையை நினைக்கும்போதெல்லாம் இப்போது உடம்பு கூசியது.

மறுநாள் துணி துவைக்கும் தொட்டியடியில் இன்கொரொனாதாவைப் பிடித்தாள்.

"நான்தானேடி உனக்கு அதைச் சொன்னேன்? ஞாபகமில்லையா?"

"நீயா? எப்போ? அக்கா, மாதா சொன்னதை நான் இந்தக் காதால கேட்டேன்."

அவள் கண்ணில் பொய் இல்லை. திருட்டுத்தனம் தெரிந்திருந்தால் எர்மெலிந்தாவுக்கு வழி எளிதாகியிருக்கும். கோபப்பட்டிருக்கலாம். அதற்கும் இடமில்லாமல் போயிற்று. போகும்போது இன்கொரொனாதா சொன்னாள்: "விசாரணையில எனக்குச் சாட்சியா உன் பேரைத்தான் கொடுத்திருக்கேன். என்னை உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

ஆயர் அனுப்பிய குரு குருக்கள் பூசை உடை மாற்றும் அறையான கோயில் சக்ரீஸ்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். பெரிய சாமியின் முறை மறுநாள். எர்மெலிந்தா சுவிசேஷத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

"இன்கொரொனாதா குடிப்பாளா?"

"திருநாளைக்கு ஒரு வாய்."

"பொய் சொல்வாளா?"

"மாட்டா சாமி."

"சரி, போம்மா. நல்ல சாட்சி."

அவள் எழுந்திருக்கவில்லை. சொன்னால், தன்னை நம்பி வீட்டில் வைத்திருந்தவரைப் பற்றி அவள் வெளியே பேசியது தெரிந்துவிடும். சிநேகிதியின் தலையில் கல் விழும். சொல்லாவிட்டால், நடக்காத ஒரு அற்புதத்தின் முன் பெரிய சாமி மண்டியிட்டு மிச்ச நாளைக் கழிப்பார்.

"அத்திப்பழத்தை நான் பார்த்தேன் சாமி. நான்தான் அவகிட்ட சொன்னேன். அவ மறந்துட்டா. நான் மறக்கலை."

இலையுதிர் காலத்தில் தீர்ப்பு பூசையில் வாசிக்கப்பட்டது: அந்தக் காட்சிகள் விண்ணிலிருந்து வந்தவை என்பதற்கு ஆதாரமில்லை. விசுவாசிகள் அங்கே ஒன்றுகூட வேண்டாம். சின்னச் சாமியை வேறு பங்குக்கு மாற்றினார்கள். பெரிய சாமி பங்கை விடவில்லை. எர்மெலிந்தாவை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவும் இல்லை. அதுவரை திறந்தே கிடந்த சமையலறைக் கதவை மட்டும் அன்றிலிருந்து சாத்திவிட்டுப் போக ஆரம்பித்தார். அந்தக் கதவு சாத்தப்படும் சத்தத்துக்கு அவள் கடைசிவரை பழகவில்லை.

நேற்றுவரை இன்கொரொனாதாவின் முக்காட்டு நுனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள், "அதோ போகுது அத்திப்பழ மாதா" என்றார்கள். பீடத்துணி தைக்கும் வேலையும் போயிற்று. ஒருவருக்கு உண்மையாய் இருக்க இன்னொருத்தியைக் கைவிட வேண்டியிருந்தது என்று எர்மெலிந்தா தனக்குச் சொல்லிப் பார்த்தாள். உண்மைதான், ஆனால் அதனால் ஒன்றும் லேசாகவில்லை.

தீர்ப்புக்குப் பின் வந்த முதல் சனிக்கிழமை இன்கொரொனாதா தனியாக ஒலிவ மரத்துக்கு நடந்தாள். எர்மெலிந்தா சூப்பை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். ஜெபமாலையை எடுத்துக்கொண்டு, பெரிய சாமியின் ஜன்னல் முன்னாலேயே வெளியே போனாள். சதுக்கத்தில் ஒருத்தி கத்தினாள்: "என்னடி, நீயே கவுத்துட்டு நீயே கும்பிடப் போறியா?"

மரத்தடியில் இன்கொரொனாதா திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் பாதி சொல்ல மற்றவர்கள் முடிக்கும் ஜெபமாலை ஜெபத்தின் முதல் பாதியைச் சொன்னாள். பதில் சொல்ல யாருமில்லாத அந்த இடைவெளியில், எர்மெலிந்தா கல்லில் முழங்காலிட்டு மறுபாதியைச் சொன்னாள்.

அன்று பரிமாறும்போது பெரிய சாமி கேட்டார்: "நீ நம்பறியா?"

அவள் தட்டில் சூப்பை ஊற்றினாள். ரொட்டியைப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த சனிக்கிழமையும் போனாள். இன்கொரொனாதா சாகும்வரை ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை.